ஸ்டோருக்குப் போகும் வழி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக எங்கள் வீட்டில் யாரும் வழி கேட்டதில்லை. மதுரை ரோட்டைப் பிடித்துவிட்டால் இடப்பக்கம் மலை கூடவே வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஊர் நெருங்கும்போது தென்னந்தோப்புகளுக்கு மேலே வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் தெரியும். 190 அடிக்கு மேல் உயரம். அது கண்ணில் பட்டதும் பஸ்ஸில் ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனாலும் என் சித்தப்பாவுக்கு வழி சொல்லும் கருவி ஒன்று தேவைப்பட்டது. அவர் வேனில் பேண்டேஜ் துணி ஏற்றிப் போகிறவர். ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் பக்கம் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கே நெய்கிற பேண்டேஜும் காஸ் துணியும் எத்தனையோ மாநிலத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. சித்தப்பாவின் பாதை தெற்கே சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. அப்புறம் செங்கோட்டை தாண்டி மலையேறி இறங்கி புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இருட்டில் பலகை படிப்பது இப்போது சிரமம். மலையாளப் பலகையை அவர் எந்தக் காலத்திலும் படித்ததில்லை.

"ஒரு ஜி.பி.எஸ். பெட்டி பாத்துக் குடு பாப்பா. படம் காட்ட வேணாம், பாட்டுப் பாட வேணாம். எந்தப் பக்கம் திரும்பணும்னு சொன்னாப் போதும். சிக்னல் இல்லாத இடத்துலயும் சொல்லணும்" என்றார்.

அவர் கேட்டதில் எல்லாமே இருந்தது. கடை கடையாக ஏறி இறங்கிய பிறகும் அதோடு சேர்க்க எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். காலையில் முடங்கியார் ரோட்டில், அய்யனார் கோயில் போகிற பாதையில் பழக்கினார். பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திருப்பம் வருவதற்குச் சரியாக இரண்டு கரண்டுக் கம்பம் முன்னால் "சோத்தாங்கை பக்கம்" என்பார். அவ்வளவுதான். எதிரே மாட்டு வண்டி வரும்போதோ, பஸ்ஸை முந்தும்போதோ வாயைத் திறக்க மாட்டார். முந்தி முடித்து, என் தோள் இறங்கி, கை ஸ்டியரிங்கில் தளர்ந்த பிறகுதான் அடுத்த வார்த்தை வரும். பின்னால் எத்தனையோ குரல்களைக் கேட்டு வண்டி ஓட்டிவிட்டேன். இருநூறு மீட்டரில் திரும்பு, நூறு மீட்டரில் திரும்பு, திரும்பு, திரும்பு என்று ஒரே திருப்பத்துக்கு நான்கு முறை சொல்லும் குரல்களும் அதில் உண்டு. அந்த நேரம் ஓட்டுகிறவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால், எவ்வளவு குறைவாகப் பேச வைக்க முடிகிறது என்பதைத்தான் எந்தக் கருவியிலும் நான் முதலில் பார்ப்பேன்.

ஆடிப்பூரத்துக்கு எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போவதும் சித்தப்பாதான். எல்லோரும் தேரில் வருகிற ஆண்டாளையும் ரெங்கமன்னாரையும் அண்ணாந்து பார்க்க, அவர் கீழே சக்கரத்தைக் காட்டுவார். பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டை வைத்திருப்பவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருவார்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு கட்டை கொடுப்பது என்பதில்தான் அத்தனை பெரிய தேர் ரத வீதியின் முனையில் திரும்புகிறது. சற்று முந்தினால் தேர் ஓரம் கட்டிவிடும். பிந்தினால் வடம் பிடித்தவர்கள் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வழியில்லை. "அந்த ஆளு மொகத்தப் பாரு, வேற எங்கயும் பாக்க மாட்டான்" என்று தோளில் இருந்த என்னிடம் சொல்லுவார். வேட்டியை மடித்துக் கட்டி, கட்டையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சக்கரத்தின் இரும்புப் பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்த ஒருவர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறார்.

கோபுரத்தை வைத்து நிலம் அளந்தவர்களும் உண்டு. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய நில அளவை தெற்கே நகர்ந்தபோது, மலையில்லாத சமவெளியில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றித்தான் அளந்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு விட்டு, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதிச் சேதமானது. அதைப் பிரித்துப் பல நாள் தட்டிச் சரிசெய்து மறுபடி வேலையைத் தொடர்ந்தார் லாம்ப்டன். இன்று டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னத் திரையைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வரும். இவ்வளவு எளிதாகக் கையில் கிடைக்கிற ஒன்றுக்குப் பின்னால் இருக்கிற உழைப்பு சாமானியமானதில்லை.

இன்றைக்கு அளப்பது மேலேயிருந்து. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கிலிருந்து வரும் நேரத்தை ஒப்பிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. இதற்கு செல்போன் டவர் தேவையில்லை, டேட்டா தேவையில்லை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சிக்னல் போனால் ஜி.பி.எஸ். போய்விட்டது என்கிறார்கள். போவது பெரும்பாலும் வரைபடம்தான். இணையத்திலிருந்து துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளும் வரைபடம் மலைக்குள் வந்து சேராது. வரைபடத்தை வயிற்றுக்குள் வைத்திருக்கும் கருவி தொடர்ந்து வழி சொல்லும். சாதாரண மக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அதற்கு முன் நூறு மீட்டர் வரை தப்பக்கூடிய ஒன்றை நம்பி ராஜபாளையத்துச் சந்துகளில் யாரும் திரும்பியிருக்க முடியாது.

அதன் பிறகு சில வருஷங்களில்தான் இங்கே கார்ப் பெட்டிகள் வரத் தொடங்கின. மேப்மைஇண்டியா, கார்மின், ஹைதராபாத் சாட்நாவின் சாட்கைடு எல்லாம் பேசப்பட்ட காலம். சித்தப்பாவின் முதலாளி அப்போது ஒன்று வாங்கி வேனில் வைத்தார். கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்ட வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கிண்ணம் தளர்ந்து பெட்டி கீழே கிடக்கும். காலையில் வண்டியை எடுத்ததும் வானம் தெரியும் இடமாகப் பார்த்துச் சில நிமிடம் நிற்க வேண்டும். போனைப் போல நெட்வொர்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பெட்டிக்கு வழியில்லை. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பதை அதுவே மேலேயிருந்து மெதுவாக வாங்கிக்கொள்ள வேண்டும். முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். அதற்குள் சித்தப்பா டீ குடித்துவிடுவார். "அதுக்கு வானத்தோட பேச நேரம் வேணுமாம்" என்று டீக்கடைக்காரரிடம் மரியாதையோடுதான் சொல்லுவார்.

அந்தப் பெட்டி பல வருஷம் உழைத்தது. கெட்டது பெட்டி இல்லை, வரைபடம்தான். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியபோது திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் 208, 744 ஆனது. பெட்டி 208 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீருக்கும் தெருத்தெருவாகத் தோண்டினார்கள். சத்திரப்பட்டி ரோட்டு ரயில்வே கேட்டில் மேம்பாலம் வேலை தொடங்கியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. எதுவும் பெட்டிக்குத் தெரியாது. அதைப் புதுப்பித்துக் கொடுக்க ஆளில்லை. வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், திரை அளவைக் கேட்கிறோம். வரைபடத்தை எத்தனை வருஷம், காசில்லாமல், யார் புதுப்பித்துத் தருவார்கள் என்று கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஊர் பெயரே பெரிய சோதனை. ஆலங்குளம் என்று போட்டால் எந்த ஆலங்குளம்? அரசு சிமென்ட் ஆலை இருக்கிற விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிறது. திருநெல்வேலி–தென்காசி ரோட்டிலும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது, அது தாலுகா ஊர். சத்திரப்பட்டிகளும் ஒன்றுக்கு மேல். முன்னோர்கள் இதற்கு இனிஷியல் போட்டு வைத்தார்கள்: டி.கல்லுப்பட்டி, வ.புதுப்பட்டி, எம்.புதுப்பட்டி என்று. கருவியில் ஒருவர் இனிஷியலை விட்டுவிட்டால் வண்டி வேறு ஊருக்குப் போய் நிற்கும். சித்தப்பா பின்கோடு போட்டுத் தேடப் பழகிக்கொண்டார். 626 என்றால் விருதுநகர்ப் பக்கம், 627 என்றால் நெல்லைப் பக்கம். அவருக்குத் தெரிந்த லாரிக்காரர்கள் பலருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெயரால் மட்டுமே தேட விடுகிற, பின்கோடையோ அட்சரேகை தீர்க்கரேகையையோ வாங்கிக்கொள்ளாத கருவி எங்கள் பக்கத்துக்கு ஒத்துவராது.

பால்கோவா கடைகளும் இப்படித்தான். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குள் எந்தக் கடை எது என்று வெளியூர்க்காரர் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். நடந்து திணறினால் பரவாயில்லை. 2025-இல் வத்திராயிருப்புப் பக்கத்துக் கூமாப்பட்டி இன்ஸ்டாகிராமில் பரவியபோது, ஊர் எப்படியிருக்கும் என்றே தெரியாதவர்கள் போன் சொன்னபடி வண்டியை விட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வயலும் அணையும் மலையடியுமாக இருக்கிற ஊர் அது. இடம் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி சரியாகத்தான் சொன்னது. அங்கே வண்டி நிறுத்த இடமுண்டா, தண்ணீரில் இறங்கலாமா, மேலே காட்டுக்குள் போக அனுமதி உண்டா என்பது அதன் வேலையில்லை. செண்பகத்தோப்புக்கும் இதே கதைதான். சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் அது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. திரையில் கோடு தெரிகிறது என்பதற்காக அதெல்லாம் போகும் பாதை ஆகிவிடாது.

2023 அக்டோபர் முதல் தேதி செய்தி வந்தபோது சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கொச்சிக்குப் பக்கம் கோதுருத்தில், கனமழை ராத்திரியில், கார் ஆற்றுக்குள் போய் இரண்டு இளம் டாக்டர்கள் இறந்துபோனார்கள். வழிகாட்டிச் செயலியைப் பார்த்து வந்தார்கள் என்று செய்தி சொன்னது. சித்தப்பா போவதும் கேரளாவுக்கு. அதுவும் மழைக்காலத்தில், அதுவும் டாக்டர்களுக்குத் துணி கொண்டு. "பொழுதடைஞ்சா ஓட்டாதீங்க, எங்கயாவது படுத்துட்டுக் காலைல போங்க" என்று சித்தி சொன்னது அப்போதிருந்துதான். சித்தப்பா கேட்டுக்கொண்டார். மழை ராத்திரியில் ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் திரையில் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் வண்டியை ஓரம்கட்டுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். எந்தக் கருவி வாங்கினாலும் இந்த ஒப்பந்தம் அதற்கு மேலே.

மதுரையில் ஒரு கடையில் ஜி.பி.எஸ். வேண்டும் என்றோம். பையன் உள்ளேயிருந்து திரையில்லாத ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். வண்டிக்கடியில் மறைத்து வைக்கிற டிராக்கர். "வண்டி எங்க இருக்குன்னு உங்க போன்லயே தெரிஞ்சுரும் சார்."

"வண்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. நாந்தானே ஓட்டுறேன். போற எடம் எங்க இருக்குன்னுதான் தெரியணும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பையன் அடுத்து எடுத்துக்காட்டியது டாஷ்போர்டையே அடைக்கிற ஆண்ட்ராய்டு திரை: சினிமா, பாட்டு, பின்பக்கக் கேமரா, கடைசியில் வரைபடம். சித்தப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வழி மட்டும் சொல்லும் தனிப் பெட்டி இப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் கண்ணில் படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரலாம். ஆனால் அதில் இந்தியாவின் வரைபடம் உண்டா, பிறகு ஏற்ற முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஐரோப்பா வரைபடத்தோடு வந்த பெட்டிக்கு ராஜபாளையத்துத் தெருக்கள் தெரியாது.

யோசித்து நாங்கள் செய்தது இதுதான். நடுத்தர விலையில் ஒரு போன் வாங்கி, வழி சொல்லும் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டோம். வாட்ஸ்அப் இல்லை. பேசுவதற்கு அவருடைய பழைய பட்டன் போன் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வரைபடத்தை மொத்தமாக இறக்கி வைத்தோம். தமிழ்க் குரல் போட்டோம். 2018-இல் கூகுள் தமிழிலும் வழி சொல்லத் தொடங்கியதிலிருந்து இது பெரிய விஷயமில்லை. பிறகு ஏரோப்ளேன் மோடில் போட்டு, ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். நெட் இல்லாமல் குரலும் வந்தது, கோடும் நகர்ந்தது. ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யா, ஐரோப்பா, சீனச் செயற்கைக்கோள்களையும் பிடிக்கிற சிப் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினோம். நம் நாட்டு நாவிக்கும் சேர்ந்திருந்தால் நல்லது. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது மலை பாதி வானத்தை மறைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற வானத்தில் எவ்வளவு அதிகம் செயற்கைக்கோள் அகப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

ரப்பர் கிண்ணம் வேண்டாம் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்க்ரூ போட்டு முடுக்கிய ஸ்டாண்டு, ஏ.சி. காற்று படுகிற இடத்தில், வெயில் நேராக விழாத இடத்தில். வெயிலில் சூடேறினால் போன் தானாக அணைந்துவிடும், அதுவும் திருப்பத்துக்கு முன்னால் அணையும். கையில் எடுத்துப் பார்க்கிற பேச்சே இல்லை. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி, போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் அமலாகும்படி மோட்டார் வாகன விதியைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த 'கவனம் சிதறாதபடி' முழுக்க ஸ்டாண்டு எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி, திரையில் வண்டி போகும் திசை எப்போதும் மேலே இருக்கும்படி வைத்தோம். பேச்சைக் குறைக்கும் இடத்தைத் தேடிப்பிடித்துக் குறைத்தேன்.

சித்தப்பா அதை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியாத பாடம். "ஆஸ்பத்திரிக்குச் சரியாக் கொண்டுபோகுது பாப்பா. ஆனா வாசல்ல கொண்டுபோய் நிறுத்துது. அங்க ஆம்புலன்ஸ் நிக்கும். வேனை விட மாட்டான். நமக்கு வேண்டியது ஸ்டோர். அது பின்னாடித் தெரு."

பல ஆஸ்பத்திரிகளில் துணி இறக்குகிற ஸ்டோர் கேட் பின்புறம், வேறொரு தெருவில் இருக்கிறது. சில இடங்களில் அந்தத் தெரு ஒருவழி. எந்த வரைபடத்திலும் அது தனியாகக் குறிக்கப்படவில்லை. சித்தப்பாவின் சட்டைப்பையில் ஒரு நோட்டு உண்டு. எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு சின்னப் படம்: கோயில், டீக்கடை, வளைவு, கேட். பக்கத்தில் 'மதியம் 1 மணிக்கு மேல் இறக்க மாட்டான்' என்பது மாதிரி ஒரு வரி. முப்பது வருஷத்து வழி அதில் இருக்கிறது. அவருக்கு அடுத்து வண்டி ஓட்டப் போகிற பையனுக்கு அந்தப் படங்கள் புரியாது.

அதனால் இப்போது ஒரு வேலை நடக்கிறது. லோடு இறக்கும்போது ஸ்டோர் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டே அந்த இடத்தைக் கருவியில் சேமித்து, பெயர் போட்டுவிடுகிறார். 2025 மே மாதம் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் எண்ணை நான் வீட்டிலிருந்து எடுத்து நோட்டின் அந்தப் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன். பத்து எழுத்தில் நான்கு மீட்டர்க் கட்டம் வரைக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிற குறியீடு அது. போன் உடைந்தாலும் நோட்டில் இருக்கும், நோட்டு தொலைந்தாலும் போனில் இருக்கும். தென்காசிப் பக்கம் முடிந்துவிட்டது. புனலூரும் ஏறக்குறைய முடிந்தது. கொட்டாரக்கரையில் ஓர் ஆஸ்பத்திரி ஸ்டோரை இடம் மாற்றிவிட்டதாம், அதைப் புதிதாகப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை லோடு இருக்கிறது என்று சித்தப்பா சொன்னார், அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறார்.